வடிகட்டினால் போதுமா?

2020 செப்டம்பர் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ரவாங் வட்டாரத்தில் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்து துர்நாற்றம் வீசியதால், சிலாங்கூர் ஆற்றை நம்பிய நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்கு நீர் நின்றது. அக்டோபரிலும் இதே கதை தொடர்ந்தது.

அப்போது நான் படிவம் நான்கு மாணவி. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் வாளிகளை அடுக்கியபடியே பாட்டி கேட்டார்: “ஏம்மா, தண்ணி நாறுனா துணியில வடிகட்டி, காய்ச்சிக் குடிக்க வேண்டியதுதானே? எஸ்டேட்டுல நாங்க அப்படித்தானே குடிச்சோம்?”

நியாயமான கேள்வி. விடையும் எனக்குத் தெரியும். ஆனால் ‘லாருத்தான்’, ‘பெலாருட்’ என்று மலாய்ச் சொற்களே நாவில் வந்தன. “அது கெமிக்கல், பாட்டி” என்று சொல்லி நழுவிவிட்டேன். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பாடத்தை என் வீட்டுக் கூடத்தில் சொல்ல இயலவில்லை!

அந்தச் சொற்கள் தமிழில் எனக்குத் தெரியாதவையும் அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை ஒரு குவளை நீரில் மணலையும் மற்றொன்றில் சீனியையும் போட்டு, இரண்டையும் துணியில் வடிகட்டிக் காட்டினார். மணல் துணியில் தங்கியது. சீனி நீரோடு போய்விட்டது. முதலாவது வெறும் கலவை, இரண்டாவது கரைசல். சீனி கரைபொருள், நீர் கரைப்பான்.

பாட்டியின் கேள்விக்கு விடை அந்த இரண்டு குவளைகளில் இருந்தது. சேற்று நீரில் மண் துகள்கள் மிதக்கின்றன. அசையாமல் வைத்தால் பெரியவை அடியில் படியும். மிக நுண்ணிய களிமண்ணையும் படிகாரம் திரட்டிப் படிய வைக்கும். கரைந்த பொருளோ மூலக்கூறு மூலக்கூறாக நீரினூடே பரவி நிற்கிறது. துணியின் கண்களும் மணற்படுகையும் அதைப் பிடிக்கா. காய்ச்சினால் கிருமி சாகும்; எளிதில் ஆவியாகும் சில பொருள்கள் வெளியேறும். ஆவியாகாதவை அங்கேயே தங்கும். நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். கரைந்த நாற்றப் பொருள்களைத் தன் மேற்பரப்பில் ஈர்த்துக்கொள்ளச் சிறப்பாகப் பதப்படுத்திய கரி உண்டு. அதன் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. எனவே நிலையத்தை மூடுவதே அப்போது வழி.

நண்பர்களே, 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2011-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின; அந்த முதலாம் ஆண்டு வகுப்பில் நானும் இருந்தேன். 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் நாம் வாதிட்டது மதிப்பெண்ணையும் வேலையையும் வைத்தே. “தமிழில் அறிவியல் படித்து என்ன கிடைக்கும்?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வீட்டாருக்குப் பதில் சொல்லும் தகுதி கிடைக்கும். பல்கலைக்கழகப் பாடங்களைத் தமிழுக்கு மாற்றச் சொல்லவில்லை. மலாயும் ஆங்கிலமும் நமக்கு வேண்டும். ஆனால் கழகத்தில் பட்டிமன்றத்துக்கும் கவிதைக்கும் மட்டும் தமிழை ஒதுக்கிவிட்டு, ஆய்வுக்கூட வாசலில் அதைக் கழற்றி வைப்பது சரியா? மருத்துவம், பொறியியல், சட்டம் என எத்துறை மாணவரானாலும், தம் பாட்டிக்குப் புரியும்படி ஆண்டுக்கு ஒரு பக்கம் இந்த மலரில் எழுதட்டுமே!

மூன்றாம் நாள் லாரித் தண்ணீரில் பாட்டி தேநீர் போட்டு வடிகட்டினார். “பாட்டி, தேயிலை வடிகட்டியில நின்னுடுச்சு. சீனி நின்னுச்சா?” என்று கேட்டேன்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சற்று யோசித்தார். “அப்படின்னா கரைஞ்ச பிறகு ஒண்ணும் செய்ய முடியாது. ஆத்துல கொட்டுறவனைத்தான் முதல்ல தடுக்கணும்” என்றார்.

சொல் புரிந்ததும் தீர்வை அவரே சொல்லிவிட்டார்.