விரலுக்குத் தகுந்த வீக்கம்

மெலிவதற்கு வழி கூறுவோர்க்கு இந்நாளிற் பஞ்சமில்லை. பத்திரிகை கூறுகின்றது, தொலைக்காட்சி கூறுகின்றது, கைப்பேசியும் கூறுகின்றது. “நாள்தோறும் 500 கலோரியைக் குறையுங்கள், வாரந்தோறும் அரைக் கிலோ குறையும்” என்பது அவற்றின் பொதுவான வாக்கு. இவ்வாக்கை நம்பி இரண்டு மாதம் அரை வயிறு உண்டும் எண்ணியபடி நிறை குறையவில்லையே என மனஞ்சோர்ந்த ஆரையம்பதிச் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய உயரம் 145 சதமமீற்றர், நிறை 58 கிலோகிராம், வயது 42. “நான் உருவத்திற் சிறியவள். இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவராதா?” என்பது அவர் வினா.

வினா சிறிது, அதன் பொருள் பெரிது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமே 150க்கும் 155க்கும் இடையில்தான் நிற்கின்றது. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இச்சகோதரியைப் போன்ற சிற்றுருவினர் மிகப் பலர். அவர்கள் பிறர் உருவத்துக்கு வகுத்த கணக்கைத் தம்மேற் சுமத்திக்கொண்டு, அது பலியாதபோது தம்மையே நொந்துகொள்கின்றனர். “விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்று நம் முன்னோர் கூறியது செலவுக்கு மாத்திரம் அன்று. உணவுக்கும் அது பொருந்தும்.

கலோரி என்பது யாது?

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசினால் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே உணவுக் கணக்கில் ஒரு கலோரி. அறிவியலார் இதனைக் கிலோகலோரி என்பர். நாம் வழக்கப்படி கலோரி என்றே கூறுவோம். உணவு தேகத்தில் எரிவதும் அடுப்பில் விறகு எரிவதும் ஒருவகை நிகழ்ச்சியே என்று காட்டியவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் லவோசியர். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க அறிஞர் அற்வோற்றர் மனிதரை ஒரு மூடிய அறையில் இருத்தி, அவர் உண்டதையும் அவர் தேகம் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்தார். மாப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தரும் என்று நாம் இன்று கூறுவது அவருடைய உழைப்பின் பயனே. 1918ஆம் ஆண்டில் லூலு ஹன்ற் பீற்றர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் வைத்தியர் எழுதிய நூல் ஒன்று, ஆய்வுகூடத்தில் இருந்த இவ்வளவையை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தது.

பொதிகளில் அச்சிடப்படும் “2000 கலோரி” என்ற அளவும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு அதிகாரிகள் உணவுப் பொதிகளுக்கென ஒரு பொது எண்ணைத் தேடினர். 2350 என முதலில் எண்ணி, நினைவில் வைக்க எளிதென்று 2000 ஆக்கினர். அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எண். எவருக்கும் விதித்த படியளவு அன்று. களுவாஞ்சிகுடியில் வாழும் நாலேமுக்கால் அடிப் பெண்ணுக்கு அது விதியாகுமா?

இரு பெண்களின் கணக்கு

நாம் உறங்கும்போதும் இதயம் துடிக்கின்றது; நுரையீரல் விரிந்து சுருங்குகின்றது; மூளை வேலை செய்கின்றது. இவற்றுக்கு ஆகும் செலவே பெருஞ்செலவு. இதனை மதிப்பிடுவதற்கு 1990ஆம் ஆண்டில் மிஃப்ளின், செயின்ற் ஜோர் முதலியோர் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். பெண்களுக்கு அது வருமாறு: நிறையைக் கிலோகிராமில் எழுதி 10ஆற் பெருக்குக, உயரத்தைச் சதமமீற்றரில் எழுதி 6.25ஆற் பெருக்குக, இரண்டையும் கூட்டுக, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும், பின்னர் 161ஐயும் கழிக்குக. ஆண்களாயின், 161ஐக் கழிப்பதற்குப் பதிலாக 5ஐக் கூட்டுக.

நம் சகோதரிக்கு இக்கணக்கின்படி 580உம் 906உம் கூட்ட 1486. அதில் 210உம் 161உம் கழிய 1115. பெரும்பாலும் அமர்ந்தே இருப்பவராயின் இதனை 1.2ஆற் பெருக்க வேண்டும். நாட்செலவு ஏறத்தாழ 1340. வீட்டுவேலையும் சிறிது நடையும் உடையவராயின் 1.375ஆற் பெருக்க, 1530 ஆகும்.

இனி 170 சதமமீற்றர் உயரமும் 75 கிலோகிராம் நிறையும் கொண்ட, அதே வயதுடைய நெடிய பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு, சிறிது நடமாட்டத்துடன், 1980 கலோரி செலவாகும். அவர் 500ஐக் குறைத்தால் மிஞ்சுவது 1480, காற்பங்கே குறைகின்றது. நம் சகோதரி 1530இலிருந்து 500ஐக் குறைத்தால் மிஞ்சுவது 1030. மூன்றிலொரு பங்கு போய்விடுகின்றது. அமர்ந்தே இருப்பவராயின் மிஞ்சுவது 840தான். நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைந்த உணவை வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பின்றிக் கொள்ளலாகாது என்பது வைத்திய விதி. அவ்வெல்லையின் விளிம்பில் அன்றோ இவர் கொண்டு நிறுத்தப்படுகின்றார்! ஒருவருக்குச் சிறு விரதமாய் அமைவது மற்றவருக்குப் பட்டினியாய் முடிகின்றது.

இத்தகைய பட்டினியால் கொழுப்போடு தசையும் கரைகின்றது. விரைந்து மெலிவோர்க்குப் பித்தப்பையிற் கற்கள் தோன்றுவதும் உண்டு. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் போதாமற் போகின்றன. பின்னர் ஒரு நாள் பசி அணை உடைத்துப் பாய்கின்றது. போன நிறை திரும்பி வருகின்றது. “எனக்கு மனவுறுதி இல்லை” என்ற பழிச்சொல்லை அப்பெண் தானே தன்மேற் சூட்டிக்கொள்கின்றாள். குறை மனவுறுதியில் இல்லை, கணக்கில் இருக்கின்றது.

இலக்கு எவ்வளவு?

முதலில், குறைக்க வேண்டுமா என்பதையே நோக்குக. நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டெண். ஆசிய மக்களுக்கு 23க்கு மேற்பட்டாலே ஆபத்து கூடத் தொடங்குகின்றது என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. 145 சதமமீற்றர் உயரத்துக்கு 23 என்பது ஏறத்தாழ 48 கிலோ; 18.5 என்ற கீழெல்லை 39 கிலோ. 46 கிலோ உள்ள சிற்றுருவினர் ஒருவர் மேலும் மெலிய விரும்பினால் அது நலம் நோக்கியது அன்று, கண்ணாடி நோக்கியது. இடுப்பின் சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் அடங்குகின்றதா என்று ஒரு நாடாவால் அளந்தும் அறியலாம்.

நம் சகோதரியின் சுட்டெண் 27.6, ஆதலின் அவர் குறைப்பது நன்றே. அவருக்கு நாம் கூறும் அளவு, செலவில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு; அதாவது நாளுக்கு 200 முதல் 250 கலோரி. உண்பது 1300 அளவில் நிற்கும். சாதாரணமாகப் பெண்கள் 1200க்குக் கீழே தாமாக இறங்காதிருத்தல் நலம். அமர்ந்தே இருப்பவர் உணவை மேலும் அறுக்காமல், நடையைக் கூட்டிச் செலவை உயர்த்துவதே முறை.

இவ்வளவால் எவ்வளவு குறையும்? ஓர் இறாத்தல் நிறைக்கு 3500 கலோரி என்று 1958இல் நியூயோர்க் வைத்தியர் விஷ்ணொஃப்ஸ்கி எழுதினார். கிலோவுக்கு ஏறத்தாழ 7700. அதன்படி 225 கலோரிக் குறைவுக்கு மாதம் 0.9 கிலோ குறைய வேண்டும். ஆனால் தேகம் மெலிய மெலிய அதன் செலவும் குறைவதால், கணக்கு அவ்வாறே நீள்வதில்லை. 2011ஆம் ஆண்டில் கெவின் ஹோல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதனைத் தெளிவாக்கினர். நாளாந்த உணவில் நிலையாகச் செய்யும் ஒவ்வொரு 10 கலோரிக் குறைப்புக்கும் இறுதியில் ஓர் இறாத்தல் குறையும். அதிற் பாதி குறைய ஓராண்டும், ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்றாண்டும் செல்லும் என்பது, நிறை மிகுந்த சராசரி மனிதர்க்கு அவர்கள் கண்ட முடிவு. ஆகவே சிற்றுருவினர் மாதத்துக்கு அரைக் கிலோவை எதிர்பார்ப்பதே நேரிய எதிர்பார்ப்பு. ஆறு மாதத்தில் 3 கிலோ; அது 58இல் நூற்றுக்கு ஐந்து. நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே இரத்த அழுத்தமும் குருதிச் சர்க்கரையும் இறங்கத் தொடங்குகின்றன என்பது வைத்தியர் பலமுறை கண்ட உண்மை.

இன்னொன்றும் கூறல் வேண்டும். தேகத்தில் உள்ள நீரின் அளவு மாறுவதால் நிறை நாளுக்கு நாள் ஒரு கிலோ வரை ஏறி இறங்கக்கூடும். மாதவிலக்கை ஒட்டி அது கூடுதலாகும். மாதம் அரைக் கிலோ குறைபவருக்கு இவ்வேற்ற இறக்கம் உண்மையை மறைத்துவிடும். ஆதலின் நாள்தோறும் தராசில் ஏறி மனம் வாடாமல், வாரத்தில் ஒரு குறித்த நாளிற் காலையில் நிறுத்து, மாதத்துக்கு மாதம் ஒப்பிடுக.

எங்கே குறைப்பது?

225 கலோரி என்பது நம் சமையலறையில் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றது என்று பார்ப்போம். பால்மாவும் இரண்டு கரண்டி சீனியும் இட்ட தேநீர் ஒரு கோப்பையில் ஏறத்தாழ 90 கலோரி உண்டு. நாளுக்கு நான்கு கோப்பை அருந்துவோர் தேநீரிலேயே 360 கலோரியைக் கொள்கின்றனர். அவற்றுள் இரண்டைச் சீனியற்ற வெறுந்தேநீராக மாற்றினால் 180 குறைந்துவிடும். வயிறு ஒன்றையும் இழக்காது. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தேங்காய்ப்பூ 100 கிராம் 350 கலோரி. சம்பலையும் சொதியையும் விடச் சொல்வோமல்லோம். முதற்பாலும் சம்பலும் பொரியலும் ஒரே வேளையிற் சேராதிருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அரிசி 100 கிராமில், சமைக்கும் முன், ஏறத்தாழ 350 கலோரி உண்டு. சிவப்பரிசியிலும் கலோரி அதே அளவுதான். ஆயின் தவிட்டின் நார் பசியை நெடுநேரம் தாங்கும். சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, அவ்விடத்தை வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை முதலியவற்றால் நிரப்புக. சிற்றுருவினர்க்குக் கலோரி குறைவாகவே கிடைப்பதால், ஒவ்வொரு கவளமும் சத்துடையதாயிருத்தல் அவசியம். இதில் வாவிக்கரையினர் பாக்கியசாலிகள். திரளி, இறால், நண்டு ஆகியவை 100 கிராமுக்கு ஏறத்தாழ 100 கலோரியே தந்து, 20 கிராம் அளவிற் புரதமும் தருகின்றன. பொரித்தால் இந்நன்மை எண்ணெயில் மூழ்கிவிடும்; ஆணமாகவோ சுட்டோ உண்க. மரக்கறி உண்போர்க்குப் பயறும் பருப்பும் கடலையும் உள. எருமைத்தயிர் நல்லுணவே, சிறு கிண்ணத்தில் 100 கலோரி அளவில் அடங்கும். அதன்மேற் கொட்டும் சீனியிலேதான் வினை.

நடை நன்று, அதனாற் பெறும் கலோரி நாம் நினைப்பதிலும் குறைவு. 58 கிலோ நிறையுள்ளவர் கல்லடிப் பாலத்தில் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் 100 கலோரி செலவாகும். சும்மா இருந்தாலும் செலவாகும் 30ஐக் கழித்தால் மிகுதி 70. நடந்து முடித்து ஒரு பால்தேநீர் அருந்தினால் கணக்கு மாறிவிடும். எனினும் நடையை விடவேண்டா. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரிடம் நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 28.5 அளவு குறைந்தது. அவர்களின் நிறையோ பெரிதாக மாறவில்லை. தராசு காட்டாத நன்மையும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வீட்டாருக்கு ஒரு சொல்

நம் பகுதியில் உபசாரமே அன்பின் அளவு. “என்னகா மகள், குருவி கொத்தின அளவில சோறு போட்டிருக்கிறாய்? இன்னும் ரெண்டு அகப்பை போடு” என்று மாமி கூறும்போது மருமகள் மறுப்பது எளிதன்று. “போதும் மாமி, மீன் ஒரு துண்டு தாருங்கோ” என்று அவள் கேட்கலாம். அன்பும் கெடாது, அளவும் கெடாது. கணவன்மாருக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் தேகம் பெரிது. உங்கள் செலவும் பெரிது. ஒரே பானையிற் சமைத்தாலும் ஒரே அளவில் இருவரும் உண்ண வேண்டும் என்ற விதியில்லை. மனைவி குறைத்து உண்பதைக் கண்டு நகைப்பதும், அவள் நிறை மெல்லக் குறைவதைக் கண்டு நகைப்பதும் தகாது.

கருவுற்றோரும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும் இக்கணக்கைக் கையாளலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் உணவைக் குறைக்குமுன் வைத்தியரைக் காண்க. இன்றேல் குருதிச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் நேரலாம். விளம்பரம் கண்டு மெலிவு மாத்திரைகளை வாங்கி விழுங்குதல் வேண்டா. சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில், நடுத்தர வயதினர் தம் நிறையையும் இரத்த அழுத்தத்தையும் குருதிச் சர்க்கரையையும் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம்.

சூத்திரம் தரும் எண்ணும் மதிப்பீடே. நூற்றுக்குப் பத்து அளவு கூடவோ குறையவோ இருக்கலாம். எனவே சகோதரி, ஒரு தாளில் உமது உயரம், நிறை, வயது, இடுப்பளவு ஆகிய நான்கையும் இன்றே எழுதி வைப்பீராக. தேநீரில் இரண்டு கோப்பையை மாற்றி, சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, வாரத்தில் ஐந்து நாள் நடந்து, மூன்று மாதம் கழித்து அத்தாளை மறுபடியும் எடுத்துப் பார்ப்பீராக. ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தால் அது சிறு வெற்றி அன்று. உமது உருவத்துக்கு அது முழு வெற்றியே. ஒன்றும் குறையாதிருந்தால் மேலும் 100 கலோரியைக் குறைக்கவோ, நடையைக் கூட்டவோ அப்போது எண்ணலாம். அதுவரையில் நெடியவர் கணக்கை நெடியவரிடமே விட்டுவிடுக.