ஊர் கூடி இழுத்த செயலி

மீனவர் வீட்டில் யாரிடமாவது "இன்னிக்குக் கடல் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் தாத்தா கரையில் நின்று காற்றின் திசையையும் மேகத்தின் நிறத்தையும் பார்த்துச் சொல்வார். இப்போது பேரன் போனை எடுத்து, காற்று இவ்வளவு வேகம், அலை இவ்வளவு உயரம் என்று எண்ணாகவே சொல்லிவிடுகிறான். "ஆப் சொல்லுது தாத்தா" என்கிறான்.

ஆப் தானாகவா சொல்கிறது? அந்த ஒரு வரி அவன் கைக்கு வந்து சேர எத்தனை பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்தக் கதையின் பெரும்பகுதி நம் மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரிக் கடற்கரையில்தான் நடந்தது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரத்தைப் பார்த்து எழுதி, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். எங்கோ இருந்த தகவல், வலை பின்னுகிறவர் காதில் விழுந்தது.

2004 டிசம்பர் 26 அன்று அந்த ஒலிபெருக்கியின் அருமை ஊருக்கே புரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தி கேட்டதும் ஊருக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின, உயிர்கள் நின்றன. போன் செய்தவர், கதவை உடைத்தவர், மைக் பிடித்தவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என இதில் யாரை முதல் ஆள் என்று சொல்வீர்கள்?

ஒலிபெருக்கி கரை வரைதான் கேட்கும். கடலுக்குள் போனவருக்கு? அதற்காக வந்ததுதான் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற மீனவ நண்பன். அதே நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் போன்றவற்றோடு கைகோத்து, சாதாரண போன் காலத்திலேயே இதைத் தொடங்கியது. பிறகு இது ஆண்ட்ராய்டு செயலியாக வளர்ந்தது. அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம், சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை என எல்லாம் தமிழிலேயே வருகிறது.

மீன் இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் மூலம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் உள்ள பச்சையத்தையும் பார்க்கிறது. பச்சையம் இருந்தால் நுண்பாசி இருக்கும். பாசியைத் தேடிச் சின்ன மீனும், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீனும் வரும். வானம் மேகமூட்டமாக இருந்தால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. அன்றைக்குத் தாத்தாவின் கணக்குதான்.

கரையில் இருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் போனில் சிக்னல் கிடைப்பது அரிது. இதற்காக 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. விமானங்களுக்கு வழிகாட்ட இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் அமைத்த ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும்; கருவி அதை வாங்கி, புளூடூத் மூலம் போனுக்குத் தரும். விமானத்துக்குப் போட்ட பாதையில் படகுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் இது ஒருவழிப் பாதை. சேதி வரும், படகில் இருந்து பதில் அனுப்ப முடியாது.

இதையெல்லாம் நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ராடார் பார்ப்பவர், நிரல் எழுதுபவர், தமிழில் மாற்றுபவர், "அண்ணே, இந்த எழுத்து வெயில்ல தெரியலை" என்று குறை சொல்லும் மீனவர் எல்லோருமே அந்தக் குழுவில் உண்டு. குறை சொல்கிறவர் இல்லாவிட்டால் எந்தச் செயலியும் உருப்படாது.

ஆனால், தேர் நிலைக்கு வந்துவிட்டதா? மரக்காணத்து உப்பளத்தைப் பாருங்கள். மீனவருக்கு அலை எப்படியோ, உப்பளத் தொழிலாளிக்கு மழை அப்படி. பாத்தியில் பூத்த உப்பை ஒரு மணி நேர மழை கரைத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் வாரிக் குவித்து மூடிவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக்காடாயின.

புயலுக்கு எச்சரிக்கை எல்லோருக்கும் வருகிறது. கோடையில் திடீரென்று வரும் சின்ன மழைக்கு? கொளுத்தும் வெயிலில், உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்யும் அக்காக்கள் மடியில் போனை வைத்துக்கொண்டா உப்பு வாருவார்கள்? அவர்களுக்கு ஏற்ற வழி செயலியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. களத்து மேட்டில் ஓர் ஒலிபெருக்கி கட்டினாலும் போதும். வீராம்பட்டினம் காட்டிய வழிதானே!

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழக அரசின் 'டி.என்.அலர்ட்' செயலியை உங்கள் போனில் வைத்திருந்தால், மழை எச்சரிக்கை வந்ததும் உங்களோடு நிறுத்திவிடாதீர்கள். போன் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும், பாத்தியில் நிற்கும் அக்காவுக்கும் ஒரு குரல் கொடுங்கள். அந்தக் கணம் முதல் நீங்களும் அந்தக் குழுவில் ஓர் ஆள்!