சுவரில் இருக்கும் பாடம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோருக்கு வாய்த்த பெரிய வசதி நேரம். அதை வட்டார வரலாற்றுக்குத் தாராளமாகச் செலவிடுங்கள் என்பேன். காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடத்தில் பெயர் ஓலைகளை இட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையின் விதிகள் அங்கே சுவரிலேயே இருக்கின்றன. கி.பி. 919இல் வெட்டிய கல்வெட்டில் வாரிய உறுப்பினருக்கு வயது 30 முதல் 60. 921இல் அது 35 முதல் 70 ஆகிவிட்டது. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் ஏன் விலக்கினார்கள்? பத்து வயதுப் பிள்ளை கேட்கும். கேட்கட்டும், பாடநூலின் ஒற்றை மதிப்பெண் வினாவைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பெருமையோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சபை, பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்றது விதி. வயலில் உழைத்த கூலியாட்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் அதே சுவரின் முன் நின்று சொல்லுங்கள். வீட்டுக் கல்வியில் பெற்றோரின் குரல் மட்டுமே கேட்கும் ஆபத்து உண்டு. ஆகவே ஏரிப் பாசனத்தில் பயிரிடும் விவசாயியிடமும், பட்டுத் தறிக்காரரிடமும் பிள்ளை தானே போய்ப் பேசட்டும்.