ரப்பர் மீது பழி

வீட்டில் சி.என்.சி. ரூட்டர், அதாவது கணினி ஓட்டும் மரம் வெட்டும் மெஷின், கட்டப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த மூச்சில் அறிவுரை வரும்: "பெல்ட் போடாதே, ரப்பர் இழுபடும். பால் ஸ்க்ரூ போடு." சொல்பவர் ஒருநாளும் அளந்து பார்த்திருக்கமாட்டார். கேட்பவரும் கேள்வி கேட்பதில்லை. கையில் இருக்கும் பணத்தில் பாதியை ஸ்க்ரூவுக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் மெல்லிய அலுமினியச் சட்டம் வாங்கி, அதன் தலையில் ஸ்க்ரூவைப் பூட்டுகிறார்.

முதலில் அந்த ரப்பர் விஷயம். பல் பெல்ட்டில் இழுவையைத் தாங்குவது ரப்பரே அல்ல. ஜி.டி.2 என்ற வகைப் பெல்ட்டுக்குள் கண்ணாடி இழை ஓடுகிறது. பாலியூரித்தேன் பெல்ட் பலவற்றில் எஃகுக் கம்பி. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் கேம்ஷாஃப்டைச் சுழற்றப் பல் பெல்ட் வந்தது. அதன்பின் எத்தனையோ கார் எஞ்சின்களில் வால்வு திறந்து மூடும் நேரம் அதை நம்பியே இருக்கிறது. இழுபட்டுக்கொண்டே போகும் சரக்கை அங்கே எவரும் மாட்டமாட்டார்கள்.

அப்படியானால் பெல்ட் இழுபடவே இழுபடாதா? இழுபடும், ஸ்க்ரூவைவிடக் கூடுதலாகவே இழுபடும். ஆனால் இழுபடுவது வேறு, ஆட்டம் வேறு. இழுபட்டது விசை குறைந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கடைசிச் சுற்றில் மெல்லிசாக ஒரு சீவு சீவினால் அளவு கிடைத்துவிடும். ஆட்டம் அப்படியல்ல, திசை மாறும்போதெல்லாம் அளவைத் தின்னும். பழைய எக்ஸ்.எல். பெல்ட்டின் சரிவகப் பல்லில் அந்த ஆட்டம் உண்டு. ஜி.டி.2-இன் வளைந்த பல் அதைக் குறைக்கவே வந்தது. முந்தையது வாங்கிய கெட்ட பேரை இன்னும் பிந்தையது சுமக்கிறது என்பது என் சந்தேகம்.

முப்பரிமாண பிரின்டரிலிருந்து கழற்றிய 6 மி.மீ. பெல்ட்டை ரூட்டரில் மாட்டுவது மட்டும் பாவம். பிரின்டரின் தலை எதையும் வெட்டுவதில்லை. அகலத்தை 15 மி.மீ. ஆக்கினால் இழுபடுவது இரண்டரை மடங்கு குறையும். நீளம் பயமுறுத்தினால் அதற்கும் வழி உண்டு: ஒரு பெல்ட்டைப் பல் மேலே பார்க்கப் படுக்கையில் ஒட்டி, இன்னொன்றை அதன் பல்லோடு கோத்து ஓட்டுவது. கலிஃபோர்னியாவின் பெல்-எவர்மன் நிறுவனம் சர்வோபெல்ட் என்று விற்பது இதைத்தான். விறைப்பாக நிற்கவேண்டியது நடுவிலுள்ள சிறு துண்டு மட்டுமே; மெஷின் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை.

இனி ஸ்க்ரூவின் கதை. நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும் இரண்டு வெட்டுவாய் பிட், பல்லுக்கு 0.15 மி.மீ. சீவ வேண்டுமானால் நிமிடத்துக்கு 5,400 மி.மீ. நகர வேண்டும். மெதுவாகப் போனால் மரத்தை வெட்டாமல் தேய்த்துக் கருக்கும். சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் 16 மி.மீ. ஸ்க்ரூவுக்கு அது 1,080 சுற்று. ஸ்டெப்பர் மோட்டார் அதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஒன்றரை மீட்டர் ஸ்க்ரூவோ ஸ்கிப்பிங் கயிறுபோலத் துள்ளத் தொடங்கும். நீளம் இரட்டித்தால் அது தாங்கும் வேகம் கால்வாசி ஆகிவிடும். ஜி.டி.2-இன் 20 பல் புல்லியில் ஒரு சுற்றுக்குப் பெல்ட் 40 மி.மீ. போகிறது. மோட்டாரின் ஓர் அடிக்கு 0.2 மி.மீ. என்பது முரட்டு அளவுதான். ஒன்றுக்கு மூன்று என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டால் 0.07-க்குள் வந்துவிடும், அதே 5,400-க்கு மோட்டார் சுற்றுவதோ வெறும் 405.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் பெல்ட் வேண்டாம். மின்சாரம் போனால் ரூட்டர் பொத்தென்று விழும். எஃகு வெட்டுகிறவருக்கும் இந்தக் கட்டுரை இல்லை. மரமும் பிளைவுட்டும் வெட்டுகிறவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிட்டில் ஒரு வில் தராசைக் கொக்கி போட்டு ஐந்து கிலோ இழுங்கள். பெல்ட் பிடிக்கும் இடத்தில் ஒரு டயல் கேஜ், பிட் முனையில் ஒன்று வையுங்கள். இரண்டு முள்ளும் காட்டுவதைக் கழித்தால் வருவது சட்டமும் சக்கரமும் செய்த குற்றம். புல்லியை மோட்டார் தண்டில் பூட்டும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெல்ட்தான் குற்றவாளி என்றால், தாராளமாக வந்து திட்டுங்கள்.