மந்தியிடம் கண்டதும் மந்திமேல் ஏற்றியதும்

குற்றாலத்துக் குரங்கை நேரில் பார்க்கும் முன்பே நாம் பாட்டில் பார்த்துவிடுகிறோம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் ஆண்குரங்கு மந்திக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுகிறது. பேரருவிப் பக்கம் திரியும் நாட்டுக்குரங்குகளிடம் அப்படியொரு காட்சி அபூர்வம். கையில் கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். வலியது வந்தால் மெலியது விலகும். ஆனால் அதே குரங்குகள்தாம் ஒன்றுக்கொன்று நெடுநேரம் பேன் பார்க்கின்றன, சண்டையில் துணைக்கு ஓடிவருகின்றன. கவிராயர் கண்ட அன்பு பொய்யில்லை, அது வெளிப்படும் இடம்தான் வேறு.

குறுந்தொகையின் 69-ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. கடுந்தோட் கரவீரன் பாடியது. துணையை இழந்த மந்தி, தொழில் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. குட்டியை ஒப்படைப்பது காட்டைக் கூர்ந்து பார்த்தவர் சொல். குரங்கு இனங்கள் சிலவற்றில் பிறந்த சில நாளிலேயே குட்டி கைமாறி, கூட்டத்துப் பெண்களால் வளர்க்கப்படுகிறது. உயிர்விடுவதோ கைம்மையைப் பற்றி மனிதர் வகுத்த விதி. அதைப் புலவர் மந்தியின்மேல் ஏற்றிவிட்டார்.

காடு அறம் போதிக்கிறது என்று நாம் சொல்லும்போதெல்லாம் நடப்பது இதுதான். வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம், மீதியை விட்டுவிடுகிறோம். ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் மந்திகளை ஆராய்ந்த சாரா ஹர்டி, 1977-இல் வெளியிட்ட நூலில் அந்த மீதியையும் எழுதினார். குட்டியை மாறி மாறி ஏந்தும் அதே கூட்டத்துக்குள் புதிய ஆண் புகுந்தால், பால்குடி மறவாத குட்டிகளைக் கொன்றுவிடுவதுண்டு. தாய் மீண்டும் சூல்கொள்ள அது வழி. இரண்டுமே இயற்கை. எதைப் பின்பற்றுவது என்று மந்தி நமக்குச் சொல்லாது.

கூடி வாழும் உணர்ச்சி உள்ள எந்த விலங்கும், அறிவு வளர்ந்தால் அறவுணர்வை அடையும் என்று டார்வின் 1871-இல் எழுதினார். வேர் அங்கேதான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பரிவு பெரும்பாலும் கூட்டத்தின் எல்லையில் நின்றுவிடுகிறது. எல்லையைத் தாண்ட வைப்பது மனிதர் தலையில் விழுந்த வேலை.

2022 நவம்பரில் கடையம் அருகே மசாலாப் பொருள் விற்கப் போனவரைக் கரடி கடித்துக் குதறியது. காப்பாற்ற ஓடியவர்களும் கடிபட்டார்கள். அவர்களை ஓட வைத்தது பாடப்புத்தகம் அல்ல. குட்டியை ஏந்திய கைகளின் பழைய தொடர்ச்சி அது என்றே நினைக்கிறேன். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட அந்தக் கரடியும் பிறகு இறந்துபோனது. கரடிமேல் ஊர்மக்கள் கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் கறையானும் பழமும் தேனும் தேடித் திரியும் கரடி, நம்மைத் தின்ன வருவதில்லை, திடுக்கிட்டால் பாய்கிறது. இது தெரியாத ஊரில் மனிதருக்கும் காப்பில்லை, கரடிக்கும் காப்பில்லை.

பரிவு மட்டும் இருந்து அறிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சாரல் காலக் குற்றாலத்தில் பார்க்கலாம். புண்ணியம் என்று நீட்டும் பிஸ்கட்டும் சிப்ஸும் ஒரே இடத்தில் குவிய, குரங்குகளுக்குள் அடிதடி கூடுகிறது, மனிதரிடம் இருந்த பயம் விட்டுப்போகிறது. பிறகு பை பறிபோகிறது, பிள்ளை கடிபடுகிறது, குரங்கு கல்லடி வாங்குகிறது. கொடுத்த கையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

தென்காசி வட்டாரப் பள்ளிகளில் தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்யலாம். பிள்ளைகளை ஐந்தருவிக்கு அழைத்துப் போய், எதையும் நீட்டாமல், தள்ளி நின்று ஒரு மணி நேரம் ஒரே கூட்டத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்: எது எதற்குப் பேன் பார்த்தது, குட்டி எவற்றின் கைக்கு மாறியது, யாரோ பொரியைக் கொட்டியதும் எது எதை விரட்டியது.