புழுவை விற்பதா, உரத்தை விற்பதா?

சென்ற விடுமுறையில் நிபோங் திபாலில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இருபது ஆடுகள் வளர்க்கிறார். கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் கத்தரி, வெண்டை, கீரை. தீவனச் செலவு கையைக் கடிப்பதால் பக்க வருமானம் தேடிக்கொண்டிருக்கிறார். அன்று அவர் கையில் ஓர் ஒப்பந்தப் பத்திரம். மண்புழு வளர்ப்புத் திட்டம். முதல் பத்து கிலோ புழுவை அவர்களிடமே வாங்க வேண்டும். பெருகும் புழுவை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். பத்திரம் முழுக்க ஆங்கிலம். "நீதானே யூனிவர்சிட்டியில படிக்கிற, இதப் படிச்சுச் சொல்லு" என்றார் மாமா.

படித்தேன். பிறகு கணக்குப் போட்டேன். தீனியும் ஈரமும் சரியாக இருந்தால் மண்புழுக்கள் இரண்டு மூன்று மாதத்தில் இரு மடங்காகும். மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்வோம். பத்து கிலோ, ஓராண்டில் 160 கிலோ. இரண்டாம் ஆண்டு முடிவில் 2,560 கிலோ. இது மாமா ஒருவருடைய புழு மட்டும்தான். இவ்வளவையும் யார் வாங்குவார்? தூண்டில் போடுகிறவர்கள் எத்தனை கிலோ வாங்குவார்கள்? திட்டத்தில் புதிதாகச் சேரும் அடுத்த ஆள்தான் வாங்க வேண்டும். ஆள் சேர்வது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பி அண்ட் பி வொர்ம் ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் திரும்ப வாங்குவதாகச் சொல்லி ஆள் சேர்த்தது, 2003-இல் திவாலானது. தமிழ்நாட்டில் பெருந்துறையில் 2012-இல் சரிந்த ஈமு பண்ணைத் திட்டமும் இதே வகைதான். அங்கே புழுவுக்குப் பதில் ஈமு கோழி, அவ்வளவே.

அதற்காக மண்புழுவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. (அம்மா சொல்கிறார், அது வேறு.) தண்ணீர்மலையில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் நானே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். முதல் தடவை மீந்த சாம்பாரை ஊற்றி, மதிய வெயிலில் விட்டு, மொத்தப் புழுவையும் கொன்றேன். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது; 35 பாகைக்கு மேல் சூட்டைத் தாங்காது. இப்போது காய்கறித் தோல், காய்ந்த இலை, சாமி படத்திலிருந்து எடுத்த பூ மட்டும்தான் போடுகிறேன். அம்மாவின் கறிவேப்பிலைச் செடி நன்றாகத் துளிர்க்கிறது. அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

என் கருத்து இதுதான்: புழுவைச் சரக்காகப் பார்க்காமல் வேலையாளாகப் பார்க்க வேண்டும். மாமாவிடம் ஆட்டுப் புழுக்கை மலையாகக் கிடக்கிறது. உரத்தையோ காசு கொடுத்து வாங்குகிறார். புழுக்கையை ஊறவைத்து, சூடு தணிந்தபின் புழுவிடம் கொடுத்தால் உரச் செலவு குறையும். அது லாபமில்லையா? மிஞ்சும் உரத்தைப் பூச்செடி விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். புழுவுக்கும் பெரிய முதல் தேவையில்லை. உள்ளூர்ப் புழுக்களே போதும் என்று சென்னை மண் உயிரியல் ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். ஒரு சிக்கல் உண்டு. ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தால் அதன் மிச்சம் புழுக்கையில் இறங்கி மண்புழுவையும் பாதிக்கும். அந்த நாள்களின் புழுக்கையைத் தனியே ஒதுக்க வேண்டும். பத்திரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தீனிக்கும் பஞ்சமில்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் சாலையோரம் குவியும் பூவையும் வாழை இலையையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் தீவின் குப்பை கடல் தாண்டி, மாமா ஊர்ப் பக்கமுள்ள புலாவ் புரோங் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. பல்கலைக்கழகத் தொழில்முனைவர் போட்டிகளில் நாம் கைப்பேசிச் செயலிகளாகவே சமர்ப்பிக்கிறோம். வாழை இலையை யாரும் சமர்ப்பித்து நான் பார்த்ததில்லை.

மாமா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பத்திரம் குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடக்கிறதாம். "அடுத்த தடவ வரும்போது உன் பெட்டியிலிருந்து ரெண்டு கைப்பிடி புழு கொண்டு வா" என்று புலனத்தில் குரல் அனுப்பியிருக்கிறார். ஆடுகளுக்குக் கடைசியாக எப்போது மருந்து கொடுத்தார் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.