வெடித்த பலகை

ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சல் பலகை சென்ற கோடையில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. "வெடித்த பலகை வீட்டுக்கு ஆகாது" என்று அத்தை தீர்ப்புக் கூறிவிட்டாள். பழைய சாமான் வாங்குகிறவரும் வாசலில் வந்து நின்று விலை பேசினார். பாட்டி ஆடிய ஊஞ்சல் ஆயிற்றே! கொடுக்க மனம் வரவில்லை. அப்போது எனக்கு ஒரு தச்சரின் ஞாபகம் வந்தது. பெயர் ஜார்ஜ் நாகாஷிமா!

1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கட்டிடக் கலை படித்துவிட்டு, டோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்ற நிபுணரிடம் வேலைக்குச் சேர்ந்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 'கோல்கொண்ட்' என்ற விடுதியைக் கட்டும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. 1937-ல் நாகாஷிமா புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

நம் ராமேசுவரக் கரையைப் போலவே அங்கும் உப்புக் காற்று, சுட்டெரிக்கும் வெயில். ஆகவே அந்த விடுதிக்குக் கண்ணாடி ஜன்னலே வைக்கவில்லை. சுவர் நெடுகிலும் திருப்பி வைக்கக்கூடிய அகலச் சட்டங்கள். காற்று வரும், வெயில் வராது. கட்ட வந்த மனிதர் ஆசிரமத்திலேயே கலந்துவிட்டார். சம்பளம் வேண்டாம் என்றார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. அவர் முதன் முதலாக மரச் சாமான்கள் செய்ததும் அங்கேதான்.

1939-ல் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, பின்னர் அமெரிக்கா திரும்பினார். யுத்தம் வந்தது. ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே குற்றத்துக்காக 1942-ல் மனைவி, கைக்குழந்தை மீராவுடன் ஐடஹோ பாலைவன முகாமில் அடைக்கப்பட்டார். முள்வேலிக்குள்ளே ஜப்பானில் தொழில் பயின்ற தச்சர் ஒருவர் இருந்தார். பட்டதாரியான நாகாஷிமா அவரிடம் சீடராக அமர்ந்தார். கிடைத்ததெல்லாம் கழிவுக் கட்டைகள்தான். அவற்றைக் கொண்டே உளியும் ரம்பமும் பழகினார். 1943-ல் பழைய எஜமானர் ரேமண்டே பொறுப்பேற்று அவரை விடுவித்தார்.

பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். மற்றவர்கள் ஒதுக்கிய பலகைகளே அவருக்குப் பொக்கிஷம்! முடிச்சையும் வெடிப்பையும் அவர் மறைக்கவில்லை. சிறகு விரித்த பட்டாம்பூச்சி வடிவில் கட்டை செதுக்கி, வெடிப்பின் குறுக்கே பதித்துவிடுவார். வெடிப்பு மேலும் ஓடாது. மேஜைக்கும் அதுவே அழகு. 1964-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்காகவும் நாற்காலி, மேஜைகளை வடிவமைத்துத் தந்தார். 1990-ல் அவர் மறைந்த பின் பட்டறையை நடத்தியவர், முகாமில் கைக்குழந்தையாக இருந்த அதே மீராதான்.

இத்தனையும் நினைத்துக்கொண்டு பாம்பனுக்குப் போய், படகு கட்டும் முதிய ஓடாவி ஒருவரை அழைத்து வந்தேன். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல தேக்கு தம்பி. கோணல் மரத்தைத்தான் நாங்க படகுக்கு விலாவா வைக்கிறோம். வெடிச்சதுக்காக யாராவது விப்பாங்களா?"

நான் காகிதத்தில் பட்டாம்பூச்சி வரைந்து காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார். மாலைக்குள் மூன்று பட்டாம்பூச்சிகள் பலகையில் உட்கார்ந்துவிட்டன.

அத்தை இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றைத்தான் முதலில் காட்டுகிறாள்!